இல்லமும் ஏடும்

புலவர் ஒருவர் பிறந்த வீட்டையோ வாழ்ந்த வீட்டையோ காணச் செல்வது இன்று கல்விச் சுற்றுலாவின் ஓர் அங்கமாகிவிட்டது. தமிழ்த்துறை என்று ஒன்று இருப்பின், அத்துறை மாணவர் மூன்றாண்டில் ஒரு முறையேனும் எட்டயபுரம் சென்று திரும்புதல் எழுதாத சட்டம். நல்ல வழக்கமே, அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் அங்கு நாம் எதைக் காண்கிறோம், எதைக் காணாது திரும்புகிறோம் என்பதைச் சற்றே நின்று எண்ணுதல் தகும் என்னும் கருத்தினால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் செல்லும் வழியில், கரிசற்காட்டின் நடுவே அமைந்த ஊர் எட்டயபுரம். பருத்தியும் கம்பும் விளையும் அம்மண்ணில் இயலும் இசையும் விளைந்தன. இசைப் பேரறிஞர் முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது இவ்வூரில். சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சேறியது இவ்வூர் அச்சகத்தில். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது இவ்வூரில். 1882 டிசம்பர் 11-ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் சுப்பிரமணியன் என்னும் மகன் பிறந்ததும் இவ்வூரில்தான். ஒரு சிறு ஜமீன் ஊருக்கு இத்துணைப் பேறா என்று வியப்பவர், அந்த அரண்மனை புலவர்க்கும் பாணர்க்கும் சோறிட்ட வரலாற்றையும் உடன் எண்ணுதல் வேண்டும். ஆதரிப்பார் உள்ள இடத்தில்தான் கலை நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர் நாற்பதின்மருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். பாரதி பிறந்த இல்லம் பழைய அக்கிரகாரத்து வீடு. சுவரெங்கும் படங்கள், கவிஞர் பிறந்த இடமெனக் குறிக்கப்பெற்ற பகுதியில் மார்பளவுச் சிலை, வருகைப் பதிவேடு. மாணவர் வரிசையாக உள்ளே சென்றனர். வரிசையாக வெளியே வந்தனர். இடையில் கழிந்தது கால்மணி நேரம் இருக்கலாம். அதிலும் பெரும்பகுதி செல்பேசியில் படம் பிடிப்பதிலேயே போயிற்று. பதிவேட்டில் கையெழுத்திட்டோருள் எத்துணைப் பேர் பாரதியின் உரைநடை நூல் ஒன்றையேனும் முழுதும் படித்திருப்பர் என்று நாம் கேட்கவில்லை. விடை தெரிந்த வினாவைத் தேர்வில்தான் கேட்கலாம்.

அங்கிருந்து உமறுப்புலவர் அடக்கத்தலத்திற்குச் சென்றோம். 2007-இல் தமிழக அரசு அவர்க்கு மணிமண்டபம் எழுப்பியது நெடுநாள் வேண்டுகோளின் பயன். அதனைச் சுற்றி வரும்போதுதான் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் நம்மிடம், “ஐயா, பாரதிக்கு வீடு இருக்கிறது, உமறுப்புலவர் வீடு எங்கே இருக்கிறது?” என்று வினவினார்.

அவ்வினா எளியதன்று. பாரதிக்கு வீடுகள் பல உள. எட்டயபுரத்தில் பிறந்த இல்லம் உண்டு. 1908 முதல் 1918 வரை அடைக்கலம் புகுந்திருந்த புதுச்சேரியில், ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு காக்கப்பெற்றுள்ளது. 1921 செப்டம்பரில் அவர் உயிர்நீத்த திருவல்லிக்கேணி வீட்டைத் தமிழக அரசு 1993-இல் வாங்கி நினைவில்லமாக்கியது. இவற்றிற்கெல்லாம் முன்பே, கல்கி அவர்களின் பெருமுயற்சியால் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்து 1947-இல் இராஜாஜி அவர்களால் திறக்கப்பெற்றது. உமறுப்புலவர்க்கோ, மரபாகக் கூறப்படும் ஆண்டுகள் உண்டு: 1642-இல் தோற்றம், 1703-இல் மறைவு. பிறந்த ஊர் எதுவென்பதிலேயே அறிஞரிடைக் கருத்து வேற்றுமை உண்டு. கடிகை முத்துப் புலவரிடம் பயின்றார், வாலை வாருதியை வாதில் வென்றார், எட்டயபுர அரண்மனையில் அமர்ந்தார் என்பன செவிவழி வந்த செய்திகள். எத்தெருவில் குடியிருந்தார், எத்திண்ணையில் அமர்ந்து எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. கல்லறை உண்டு, காப்பியம் உண்டு, வீடு இல்லை.

மாணவரின் வினாவில் ஒரு மனக்குறை தொனித்தது. நமக்கும் அது தொனிக்காமலில்லை. ஆயினும் வீடு என்பதை இத்துணைப் பெரிதாக எண்ண வேண்டுமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா. பாரதி புதுச்சேரியிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்தது குடக்கூலிக்கே. வாடகை தர வழியின்றி வருந்திய கவிஞரின் வாடகை வீடுதான் இன்று நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் நினைவில்லம். உருதுக் கவிஞர் மிர்சா காலிப்பின் கதையும் இதுவே. தில்லி பல்லிமாரானில், காசிம் ஜான் சந்தில் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1869-இல் மறைந்த வீடு, பின்னாளில் தொழிற்கூடமாகவும் கடையாகவும் மாறிக் கிடந்தது. 1990-களின் இறுதியில்தான் தில்லி அரசு அதில் ஒரு பகுதியை மீட்டுச் செப்பனிட்டது. அவர் வாழ்நாளில் சொந்த வீடு வாங்கியதுமில்லை, நூல் வாங்கியதுமில்லை, எல்லாம் வாடகையே என்று அவர்தம் மாணாக்கர் ஹாலி எழுதிய வரலாறு கூறும். புலவரை வைத்துக்கொண்டு வாடகை வாங்கிய வீட்டுக்காரர்கள் வரலாற்றில் இடம்பெறாமற் போனது ஒருவகையில் நீதியே.

அன்றியும், காக்கப்பெற்ற வீடு நிலைபெற்ற வீடு என்று எண்ணிவிடவும் கூடாது. எட்டயபுரத்துப் பாரதி இல்லத்தின் மேற்கூரையிலேயே ஒரு பகுதி 2025 மார்ச்சில் இடிந்து வீழ்ந்தது. அரசின் காவலில் இருந்த வீட்டிற்கே அந்நிலை. மரத்தையும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டியது காலத்தால் தளரத்தான் செய்யும். செப்பனிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இதனினும் நெஞ்சை உறுத்துவது தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் வீட்டின் கதை. திருவல்லிக்கேணியில் அவர் தியாகராச செட்டியார் பெயரால் ‘தியாகராஜ விலாசம்’ எனப் பெயரிட்டு வாழ்ந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. தமிழறிஞர் குரல் எழுப்பினர், பயனில்லை. ஊர் ஊராகச் சென்று, பிறர் வீட்டுப் பரண்களில் ஏறித் தமிழை மீட்டவரின் வீட்டை மீட்க ஆளில்லாமற் போயிற்று. ஆனால் ஒன்று. அவர் திரட்டிய சுவடிகள் அவ்வீட்டோடு அழியவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டே, 1943-இல், ருக்மிணிதேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் அவர் பெயரில் நூல்நிலையம் அமைந்தது; சுவடிகள் அதனுள் சேர்ந்தன. வீடு போயிற்று; ஏடு நின்றது. இவ்விரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்னும் நிலை வருமாயின் எதைக் காப்பது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இனி அம்மாணவரின் வினாவிற்கு வருவோம். உமறுப்புலவர் வீடு எங்கே? நம் வீடுகளே அவர் வீடு என்றால் அது அலங்காரமாகக் கூறும் சொல்லன்று. கணக்கிட்டுப் பார்க்கலாம். புலவர் மறைந்தது 1703 எனக் கொண்டால், சீறாப்புராணம் அச்சேறியது 1842-இல். புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்களே அதனை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர். இடையில் ஏறத்தாழ 140 ஆண்டுகள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட அப்பெருநூல் அத்துணை ஆண்டுகளும் எங்கே இருந்தது? அரசு நூலகத்தில் அன்று, பல்கலைக்கழகத்தில் அன்று, அவை அன்று இல்லை. கடற்கரைப் பட்டினங்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் இருந்த நம் முன்னோரின் பெட்டகங்களிலும், அதனை எடுத்துப் படிக்கக் கேட்ட ஆண், பெண் அனைவரின் செவிகளிலும் இருந்தது. பனையோலை நூறு, இருநூறு ஆண்டுகளில் இற்றுவிடும். அதற்குள் எவரேனும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியிருத்தல் வேண்டும். வள்ளல் சீதக்காதியையும் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரையும் நாம் மறவாது புகழ்கிறோம். பெயர்த்தெழுதிய அந்தக் கைகளுக்குப் பெயரே இல்லை.

காக்காத ஏடு என்னவாகும் என்பதற்கும் சான்று நம்மிடமே உண்டு. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையான நூல் என அறிஞர் கூறும் பல்சந்தமாலையில் நமக்குக் கிடைத்திருப்பவை எட்டே எட்டுப் பாடல்கள். அவையும் களவியற்காரிகை உரையில் மேற்கோளாக ஆளப்பெற்றமையால் பிழைத்தவை. எழுதியவர் பெயர்கூடத் தெரியவில்லை. உரைகாரர் ஒருவர் தம் நூலில் எடுத்தாளாதிருப்பின், அப்படி ஒரு நூல் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல் எனப்படும் ஆயிர மசலா 1572-ஐச் சார்ந்தது. அதற்கு முன்னர் எழுந்தவை எத்துணையோ? மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என நம் புலவர் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகள் புதியன. அவற்றுள் எத்துணை நூல்கள் பெயரளவில் நிற்கின்றன என்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென அமைந்த இருக்கையின் முதற் பேராசிரியராக விளங்கிய இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் அவர்களின் நூல்களைப் புரட்டியோர் அறிவர்.

ஏடுகள் புறக்கணிப்பால் மட்டும் அழிவதில்லை, பத்தியினாலும் அழிகின்றன. இதனை நம் சமுதாயப் பெரியோர் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சிதைந்த ஏடுகளை ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதைக் கேட்டு உ.வே.சா. அவர்கள் உள்ளம் துடித்ததை ‘என் சரித்திரம்’ படித்தவர் மறவார். அதைப் படிக்கும்போது நமக்கு எளிதாகச் சினம் வருகிறது. நம் வீட்டில் நடப்பது என்ன? சிதைந்த திருமறைத் தாள்கள் கால்படக் கூடாதென மண்ணில் புதைப்பதும் நீரில் இடுவதும் நம்மிடை உள்ள முறை. அதில் குற்றமில்லை. ஆனால் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்திலும் எழுதினர். அரபுத்தமிழ் எனப்படும் அவ்வெழுத்தில் மார்க்கச் சட்டமும் எழுதினர், மாலையும் பாடினர், தாலாட்டும் எழுதினர், மருத்துவமும் எழுதினர். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை குறைந்தவுடன், எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் எல்லாம் ஓதும் கிதாபு என்றாயிற்று. எல்லாம் ஒரே வழியிற் சென்றன.

கடற்கரையூர் ஒன்றில் மூதாட்டி ஒருவரிடம் பழைய ஏடுகள் உண்டா என நாம் கேட்டதுண்டு. “இருந்துச்சு தம்பி, ஒரு பெட்டி நிறைய. அவங்க வாப்பா காலத்துக் கிதாபு. செல்லரிச்சுப் போச்சு. மிதிபடக் கூடாதேன்னு எல்லாத்தையும் மரியாதையாக் கிணத்துல இறக்கிட்டோம்” என்றார். அவர் கூறிய முறையில் ஒரு நிறைவு இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்த நிறைவு. அப்பெட்டியில் இருந்தவை திருமறைத் தாள்களா, தமிழ்ப் பாட்டா என்பதை இனி அறிய வழியில்லை. அவரைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. படித்துச் சொல்ல ஓர் ஆளை அவ்வூருக்கு அனுப்பாத நாமல்லவா, தமிழ் பயிற்றுவிக்கும் நாமல்லவா, அதற்குப் பொறுப்பு?

இன்று அவ்வேகம் பன்மடங்காகியுள்ளது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகள் எத்துணை அழகியவை! பெண்டிர் வீட்டுக்கு வீடு சென்று வர அமைந்த முடுக்குகள், காற்றோடும் முற்றம், தேக்குமரத் தூண், மச்சில் பழைய பெட்டகம் என அவற்றின் அமைப்பே தனி. பிள்ளைகள் வெளிநாட்டில் பொருளீட்டுகின்றனர், வீட்டைப் பங்கிடுகின்றனர், பழையதை இடித்துப் புதியது கட்டுகின்றனர். கட்டட்டும், வாழ்வோர் வசதியாக வாழ்வதைத் தடுக்க நாம் யார்? தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுவோர் இடிக்கும் நாளிலேயே வந்துவிடுகின்றனர். மச்சில் கிடக்கும் ஓலைக்கட்டுக்கும் கையெழுத்துப் புத்தகத்துக்கும் விலை பேசுவார் இல்லை. அவை மண்ணோடு மண்ணாகச் செல்கின்றன.

ஓலை என்றும் அரபுத்தமிழ் என்றும் சொல்வதால் மிகப் பழையன மட்டும்தான் என்று கருதிவிட வேண்டா. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார்கள். வீட்டிற்குள் இருந்தே எழுதிய இருபத்தொரு வயது முஸ்லிம் பெண்மணி அவர்; அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் உ.வே.சா. இத்தகைய எழுத்து அந்நாளில் ஒரே ஒரு வீட்டில்தான் பிறந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. கடிதங்கள், நாட்குறிப்புகள், நின்றுபோன இதழ்களின் தொகுதிகள், திருமண வாழ்த்துப் பாக்கள், கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பாட்டியார் எழுதிவைத்த தாலாட்டு, இவை யாவும் நாளைய இலக்கிய வரலாற்றின் மூலங்கள். நம் மாணவருள் சிலர் வீட்டிலேயே இவை இருக்கக்கூடும். அவர்களோ பேருந்தில் எட்டு மணி நேரம் அமர்ந்து எட்டயபுரம் சென்று கால்மணி நேரம் கண்டு வருகின்றனர்.

எட்டயபுரம் செல்ல வேண்டா என்பதன்று நம் கருத்து. செல்லுமுன் படித்துவிட்டுச் செல்லட்டும். பாரதி கடையத்தில் வாழ்ந்த நாள்களில் பொட்டல்புதூர் சென்று இஸ்லாத்தின் மேன்மை குறித்து உரையாற்றியவர். அவ்வுரையைப் படித்துவிட்டு அவர் பிறந்த வீட்டினுள் நுழையும் நம் மாணவருக்கு அச்சுவர்ப் படங்கள் வேறு விதமாகத் தோன்றும். உமறுப்புலவர் அடக்கத்தலத்தில் சீறாவின் ஒரு படலத்தையேனும் இசையுடன் ஓதிவிட்டு வரட்டும். வீடு இருக்கிறதோ இல்லையோ, புலவர் அங்கே இருப்பார். சென்ற முறை நம் மாணவருள் ஒருவர் ஹிஜ்ரத்துக் காண்டத்திலிருந்து பத்து விருத்தங்களை மனப்பாடமாகப் பாடினார். அடக்கத்தலத்துக்கு அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வந்து நின்று முழுதும் கேட்டார். மணிமண்டபத்தைவிட அந்தப் பத்து நிமிடம் நமக்குப் பெரிதாகப் பட்டது.

இனி நம் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். ஏடு கேட்டு வருவோரைக் கண்டால் நம் வீட்டார் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கென வாங்கிச் சென்ற ஏட்டுக்கட்டு இருபது ஆண்டுகளாகியும் திரும்பவில்லை என்று ஒரு வீட்டார் நம்மிடம் வருந்திக் கூறினர். வாங்கிச் சென்றவர் பட்டம் பெற்றுவிட்டாராம்; ஏடு மட்டும் வீடு திரும்பவில்லை. ஆதலால் நாம் எவரிடமும் ஏட்டைக் கேட்கப் போவதில்லை. வீட்டிலேயே இருக்கட்டும், உடையவரிடமே இருக்கட்டும். பெட்டியைத் திறந்து காட்டினால் போதும். செல்பேசியில் படம் பிடிக்க மாணவருக்குக் கற்றுத்தர வேண்டிய தேவையே இல்லை. அதில் அவர்கள் நமக்கு ஆசிரியர்.

வரும் கோடை விடுமுறையில் துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும், தம் பாட்டனார், பாட்டியார் வீட்டிலும், இசைவு தரும் அண்டை வீடுகளிலும் உள்ள பழைய எழுத்துகளைப் பட்டியலிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓலையா, தாளா, தமிழ் எழுத்தா, அரபு எழுத்தா, நீளம், அகலம், ஏட்டின் எண்ணிக்கை, முதல் ஏட்டிலும் இறுதி ஏட்டிலும் காணும் வரி, உடையவர் தம் பெயரைக் குறிக்க விரும்புகிறாரா, இல்லையா, இவ்வளவே வேண்டுவன. அரபு எழுத்தில் உள்ளவற்றைப் படித்துச் சொல்ல நம் ஊர் மதரஸாக்களில் ஆலிம் பெருமக்கள் உள்ளனர். எழுத்தை அவர்கள் ஓத, தமிழை நம் மாணவர் எழுதிக்கொள்ளட்டும். செல்லரித்த ஏட்டை உதறித் தட்டாமல் மெல்லிய தூரிகையால் துடைக்கவும், எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசவும் துறையில் பயிற்சி தரப்படும். கிணற்றில் இறக்க வேண்டியவை என ஒதுக்கிவைத்த பெட்டி எந்த வீட்டிலேனும் இருப்பின், இறக்குமுன் ஒரே ஒரு நாள் நமக்குத் தவணை தருமாறு அவ்வீட்டாரை வேண்டுகிறோம். பட்டியல் எழுதுவதற்கான பேரேடு ஒன்றை வாங்கித் துறை நிலைப்பேழையில் வைத்துள்ளோம். அதன் முதற் பக்கத்தில் வரிசை எண் ஒன்று மட்டும் இடப்பட்டுள்ளது.